பசி அடங்கியதா, குமட்டுகிறதா?

கேள்வி: பெங்களூர் ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஓர் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடார் பாலுவுக்கு ஏழு வயது, எடை 42 கிலோ. கருத்தடை செய்தாயிற்று. எந்நேரமும் பசி. சமையலறையில் பாத்திரம் நகர்ந்தால் போதும், தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்துவிடுவான். தோலில் அரிப்பு இருப்பதால் அவ்வப்போது மாத்திரை கொடுக்கிறோம். 32 கிலோவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார் டாக்டர். என் கணவர் சர்க்கரைக்காகவும் எடைக்காகவும் வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி போட்டுக்கொள்கிறார். அவருக்குச் சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை. எங்கள் வளாகத்தில் ஒருவர் அதே ஊசியைத் தன் பீகிள் நாய்க்குக் கொஞ்சம் போட்டுவிட்டார். "மூணு நாளா கிண்ணத்தை முகர்ந்து பாத்துட்டு திரும்பிப் போயிடுது. உதட்டை நக்கிக்கிட்டு மூலையில படுத்துக்குது. நல்லா வேலை செய்யுது" என்கிறார். பாலுவுக்கும் சின்ன அளவில் கொடுக்கலாமா? பசி இல்லாவிட்டால் அவனுக்கும் நிம்மதிதானே? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. அதுவும் குண்டுதான்.
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம். சின்ன அளவிலும் வேண்டாம். ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் அதைவிட அவசரம் அந்த பீகிள்.

இதைப் படித்தவுடன் அதன் வீட்டாரிடம் பேசுங்கள். மூன்று நாள் சாப்பிடாமல், கிண்ணம் வரை போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி, உதட்டை நக்கிக்கொண்டு மூலையில் படுக்கும் நாய் வயிறு நிறைந்த நாய் அல்ல. அதற்குக் குமட்டுகிறது. ஊசி போட்ட நாள், போட்ட அளவு இரண்டையும் எழுதிக்கொண்டு, பேனா ஊசியையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றே ஒரு கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து விஷயத்தை மறைத்தால் மருத்துவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். வாந்தியை நிறுத்தும் மருந்து, தேவைப்பட்டால் டிரிப்ஸ், ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை என்று செய்ய வேண்டியவை எல்லாம் பெங்களூரில் எந்த நல்ல கிளினிக்கிலும் செய்யக்கூடியவைதான். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க மட்டும் வழியில்லை. மனித உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "பசி இல்லாவிட்டால் அவனுக்கும் நிம்மதிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கறையோடு கேட்ட கேள்வி அது. பாலுவின் பசி நிஜமான பசி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தெளிவாக வேண்டியது வேறு ஒன்று: ஒரு மிருகம் குறைவாகச் சாப்பிடுவதற்குக் காரணங்கள் பல. வயிறு நிறைந்தால் சாப்பிடாது. குமட்டினால் சாப்பிடாது. பயந்தால், மயக்கமாக இருந்தால், உடம்பு பரபரவென்று இருந்தால், எங்காவது வலித்தால், உணவு கசந்தால், அப்போதும் சாப்பிடாது. கிண்ணத்தில் மிச்சமிருக்கும் உணவை எடை போட்டால் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். பசியைக் குறைக்கும் மருந்துகளை ஆராய்ந்தவர்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பல வருடம் உழைத்தார்கள். மேற்படிப்பில் மருந்தியல் படித்தபோது என்னை மிகவும் ஈர்த்த பகுதி இது.

1973ல் கிப்ஸ், யங், ஸ்மித் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் செலுத்தினார்கள். உணவு குடலுக்கு வந்ததும் குடலே சுரக்கும் பொருள் அது. எலிகள் குறைவாகச் சாப்பிட்டன. உடனே ஒரு சந்தேகம் எழுந்தது: வயிறு நிறைந்த உணர்வு வந்ததா, இல்லை, ஊசி உடம்பைப் படுத்துகிறதா? எலியிடம் கேட்க முடியாது. அதனால் சாப்பிட்டு முடித்த எலி அடுத்து என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆரோக்கியமான எலி சாப்பாட்டை முடித்ததும் சும்மா நின்றுவிடாது. முகத்தையும் உடம்பையும் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். கொஞ்சம் அங்குமிங்கும் போய் முகரும். அப்புறம் படுத்துத் தூங்கும். இந்த வரிசை மாறாது. இரைப்பையில் ஒரு குழாய் பொருத்தி, விழுங்கும் உணவு உள்ளே தங்காமல் வெளியே வடிந்துவிடும்படி செய்தால், எலி இந்தக் கட்டத்துக்கே வராமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட எலிகளுக்குக் கோலிசிஸ்டோகைனின் கொடுத்தபோது சாப்பிடுவதை நிறுத்தி, சுத்தம் செய்துகொண்டு, உலாவி, தூங்கின. ஆனால் உணவில் கசப்பான குயினைனைக் கலந்தபோது சாப்பிடுவதை நிறுத்தின, தூங்கவில்லை. இந்த முடிவுகள் 1975ல் வெளியாயின. சாப்பிடாமல் நிற்பது வேறு, வயிறு நிறைந்து நிற்பது வேறு என்பதைக் கண்ணால் பார்த்தே பிரிக்க முடிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மருந்தையும் இந்த வழியில் சோதித்தார்கள். இங்கிலாந்தில் ஜான் பிளண்டெல்லும் அவருடைய சகாக்களும் 1970களில் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். ஒன்று ஆம்ஃபெட்டமைன். பசியைக் குறைக்கவென்று மனிதர்கள் அதிகம் விழுங்கிய பழைய மருந்து. அது செலுத்தப்பட்ட எலி சாப்பிடத் தொடங்கவே நேரமாகும். தொடங்கிவிட்டாலோ வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடும். அளவைக் கூட்டினால் ஓய்வே இல்லாமல் ஓடும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப முகரும். அது சாப்பிடாததற்குக் காரணம் நிறைவு இல்லை, பரபரப்பு. இன்னொன்று ஃபென்ஃப்ளூரமைன். அந்த எலி சரியான நேரத்துக்குச் சாப்பிட வரும், நிதானமாகச் சாப்பிடும், கொஞ்சத்தில் முடித்துக்கொண்டு முன்னதாகவே தூங்கப் போகும். வரிசை கலையாது, சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். மொத்தத்தில் இரண்டு எலிகளும் ஒரே அளவு குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம். நடந்தது இரண்டு வேறு விஷயங்கள்.

பசி விஷயத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்ட ஃபென்ஃப்ளூரமைன், மனிதர்களின் இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997ல் எடைக்குறைப்புச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ரிமோனபன்ட் என்ற இன்னொரு மருந்து 2006ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, மனநலப் பாதிப்புகளால் 2008ல் நிறுத்தப்பட்டது. அதைக் கொடுத்த எலிகளைக் கவனித்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? அவை விடாமல் சொறிந்துகொண்டும் உடம்பை நக்கிக்கொண்டும் இருந்தன. சாப்பிட உட்கார அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை. தராசை மட்டும் பார்த்திருந்தால், பசியைக் குறைத்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

குமட்டலைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆனால் குமட்டும் எலி களிமண்ணைத் தேடித் தின்னும். அதனால் கூண்டில் கயோலின் களிமண்ணை வைத்து, எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். இன்னொரு வழி, வாந்தி எடுக்கக்கூடிய பிராணியில் சோதிப்பது. நம் வீடுகளில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு இந்த ஆராய்ச்சிக்கு உலகம் முழுவதும் பயன்படுகிறது. உங்கள் கணவரின் ஊசி சேர்ந்த, ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்துக் குடும்பத்தில் முதலில் வந்த எக்ஸென்டின்-4ஐ மூஞ்சூறுக்குக் கொடுத்தால் சாப்பாடு குறைகிறது, கூடவே வாந்தியும் வருகிறது. எக்ஸென்டின்-4 கிடைத்த இடமும் ஒரு பிராணிதான். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லி. அதன் விஷத்தில் இந்தப் பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் கண்டறிந்து 1992ல் எழுதினார். 2005ல் அது சர்க்கரை நோய் மருந்தாக வந்தது. செமாகுளுடைட், டிர்செபடைட் எல்லாம் அந்த வழியில் பின்னால் வந்தவை. இந்தியாவில் 2025ல் மவுஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைட்டும் வெகோவி என்ற பெயரில் செமாகுளுடைட்டும் வந்த பிறகுதான் இந்தப் பேனா ஊசிகள் நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுகளுக்குள் பரவலாக இடம்பிடித்தன.

இந்த மருந்துகள் நிஜமாகவே வயிறு நிறைந்த உணர்வைத் தருகின்றன. அதில் சந்தேகமில்லை. ஆனால் மூளைத்தண்டில் அவை வேலை செய்யும் பகுதிகளும், குமட்டலைக் கிளப்பும் பகுதிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன, சில இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. ரத்தத்தில் கலந்த நஞ்சை மூளை மோப்பம் பிடிக்கும் இடமும் அங்கேதான். அளவு சரியாக இருந்தால் நிறைவு, கொஞ்சம் கூடினால் குமட்டல். அதனால்தான் மனிதர்களுக்கே வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். உங்கள் கணவருக்குக் குமட்டினால் டாக்டரிடம் சொல்வார், அவர் அளவைக் குறைப்பார். பாலு யாரிடம் சொல்வான்? 'எடைக்கு எடை கணக்குப் போட்டு பேனாவைத் திருகி இரண்டு கிளிக்' என்று கொடுப்பவர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்? நாய்களின் எடைக்குறைப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட செமாகுளுடைட் அளவு கிடையாது. ஒரே மருந்து ஒவ்வொரு இனத்தின் உடம்பிலும் வெவ்வேறு நேரம் தங்கும். அதை எடையை வகுத்துக் கண்டுபிடிக்க முடியாது.

நாய்களுக்கென்றே பசி குறைக்கும் மருந்து வந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரிய வேண்டும். 2007 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிர்லோடபைட் என்ற மருந்தை அனுமதித்தது. நாய்களின் உடல் பருமனுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. தினமும் வாயில் கொடுக்கும் எண்ணெய் போன்ற திரவம். குடல் சுவரின் செல்கள் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்பும் வேலையை அது தடுக்கும். கொழுப்பு அந்தச் செல்களிலேயே தேங்கும், அங்கிருந்து 'போதும்' என்ற சமிக்ஞை மூளைக்குப் போகும். எடை குறைந்ததில் பெரும்பங்கு நாய் குறைவாகச் சாப்பிட்டதால்தான். ஐரோப்பாவில் மிட்ரடபைட் என்ற இதன் உறவுக்கார மருந்தும் வந்தது.

இரண்டும் வேலை செய்தன. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல நாய்களுக்கு வந்தன. மாதாமாதம் எடை பார்த்து அளவை மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்தை நிறுத்தியதும் பசி திரும்பியது. மருந்து ஓடிய மாதங்களில் வீட்டாரின் உணவு போடும் பழக்கம் மாறியிருந்தால் குறைந்த எடை அப்படியே நின்றது. பழக்கம் மாறாத வீடுகளில் எடையும் திரும்பியது. இன்று இரண்டுமே சந்தையில் இல்லை. முறையாகச் சோதித்து, அளவு வகுத்து, நாய்க்கென்றே செய்த மருந்தின் அனுபவமே இதுதான்.

இனி பாலுவின் பசி. லாப்ரடார்கள் பேராசை பிடித்தவை என்று பலரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினார் ராஃபனும் சகாக்களும், லாப்ரடார்களின் பாம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை இருக்கிறது. மூளையில் பசியை அடக்கும் சில பொருட்கள் அந்த மரபணுவிலிருந்துதான் உருவாக வேண்டும். துண்டு விடுபட்ட நாய்களில் அவற்றில் சில உருவாவதில்லை.

2024ல் அதே குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. முதலில் நாய்கள் தாமாகவே போதும் என்று விலகும்வரை இருபது நிமிடத்துக்கு ஒரு டப்பா உணவு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லா லாப்ரடார்களும் மலைக்கும் அளவுக்குச் சாப்பிட்டன. ஆனால் மரபணுக் குறை உள்ளவை மற்றவற்றைவிட அதிகம் சாப்பிடவில்லை. வயிறு நிறைவதில் அவற்றுக்குக் கோளாறு இல்லை. அடுத்து, காலை உணவு கொடுத்துச் சில மணி நேரம் கழித்து, துளையிட்ட கண்ணாடி போன்ற பெட்டிக்குள் சாசேஜை வைத்தார்கள். பார்க்கலாம், முகரலாம், எடுக்க முடியாது. குறை உள்ள நாய்கள் அந்தப் பெட்டியோடு மற்றவற்றைவிட அதிக நேரம் மல்லுக்கட்டின. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே அவற்றின் பசி அதிகம். போதாததற்கு, ஓய்வில் இருக்கும்போது அவை செலவழிக்கும் சக்தி மற்ற நாய்களைவிட சுமார் 25 சதவீதம் குறைவு. பசியும் அதிகம், செலவும் குறைவு. பாலுவுக்கு இந்தக் குறை இருக்கிறதா என்று சோதிக்காமல் சொல்ல முடியாது. இருந்தால், பாத்திரம் நகரும் சத்தத்துக்கு அவன் ஓடி வருவது கெட்ட பழக்கம் இல்லை. நீங்கள் சரியாக வளர்க்கவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. அவன் கஷ்டப்படுவது சாப்பிடும் நேரத்தில் அல்ல, இடைவெளியில். அதனால் நாள் முழுவதற்குமான உணவைக் காலையிலேயே கிராம் கணக்கில் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். கப் கணக்கு வேண்டாம், கை தாராளமாகிவிடும். அதை இரண்டு வேளையாகக் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரியுங்கள். ஒரு வேளையைக் கிண்ணத்தில் வைக்காமல் பால்கனியில் இறைத்துவிட்டு அவனையே மோப்பம் பிடித்துத் தேடித் தின்ன விடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் சாப்பாடு இருபது நிமிடம் ஓடும்.

அளவு எவ்வளவு? 32 கிலோவுக்கு வர வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 940 கலோரியில் தொடங்கலாம். அப்புறம் எடை இறங்கும் வேகத்தைப் பார்த்து உங்கள் மருத்துவர் மாற்றுவார். ஒரு சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் 20 கலோரி, ஓர் இட்லி 50 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைக் காபியோடு பாட்டி கொடுக்கும் நான்கு பிஸ்கட், வாட்ச்மேன் கொடுக்கும் மூன்று, வேலைக்கு வரும் அக்கா "பாவம், பாத்துக்கிட்டே இருக்கான்" என்று போடும் இட்லி இரண்டு. கூட்டிப் பாருங்கள், 240 கலோரி. நாள் கணக்கில் கால்வாசி போய்விட்டது, கிண்ணம் இன்னும் நிரம்பவே இல்லை. கொடுப்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, அன்பைத் தடுத்து ஜெயிக்க முடியாது. அந்த டப்பாவிலிருந்தே ஆளுக்கு ஒரு பிடி கொடுத்துவிடுங்கள். அதிலிருந்து மட்டும் போடட்டும். வெந்த பீன்ஸ், கேரட், வெள்ளரி, பூசணி தரலாம். வெங்காயமும் பூண்டும் கலந்த சாம்பார், திராட்சை போட்ட பாயசம் இரண்டும் நாய்க்கு நஞ்சு, எடைக்கணக்கை விடுங்கள், அவற்றைக் கொடுக்கவே கூடாது.

வழக்கமான உலர் உணவைப் பாதியாகக் குறைப்பது சரியான வழி அல்ல. கலோரியோடு சேர்ந்து புரதமும் தாதுக்களும் பாதியாகிவிடும். எடை குறைப்புக்கென்று புரதமும் நார்ச்சத்தும் கூட்டிய உணவு கிடைக்கிறது, அது வயிற்றை அடைக்கவும் செய்யும். வாரத்துக்கு எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறைந்தால் போதும். பாலுவுக்கு அது 400 முதல் 800 கிராம். பத்து கிலோ இறங்க ஆறு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதற்கான பலன் பெரியது. 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வு 2002ல் வெளியானது. ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகமாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாக வந்தது.

நடையைப் பொறுத்தவரை, இந்த எடையில் மாடிப்படி ஏற்ற வேண்டாம், பந்து எறிந்து ஓடவிட வேண்டாம். காலை ஏழு மணிக்குள், சாலையில் வண்டிகள் நிறையுமுன், மெதுவான நடை. அது போதும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: அரிப்புக்கு அவ்வப்போது கொடுக்கும் மாத்திரை. அந்த அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். பிரட்னிசோலோன் என்றோ வேறு ஸ்டீராய்டு பெயரோ இருந்தால், பாலுவின் பசிக்கு ஒரு பங்கு காரணம் அந்த அட்டையிலேயே இருக்கிறது. ஸ்டீராய்டு நாய்களின் பசியையும் தாகத்தையும் பலமாகக் கூட்டும். ஒரு பக்கம் பசியைக் கூட்டும் மாத்திரை, மறுபக்கம் பசியைக் குறைக்கும் ஊசி என்று ஒரே உடம்பில் இழுபறி நடத்தக் கூடாது. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், தொடர்ந்து கொடுத்து வந்திருந்தால் அது ஆபத்து. அரிப்புக்கு ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள் இப்போது இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவா, உடம்பே ஸ்டீராய்டை அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயா என்று ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் அதிகம் சாப்பிடாமலேயே எடை கூடும், குஷிங்கில் பசி தாங்காது. இரண்டிலும் தோல் தொல்லை வரும் என்பதால் பாலுவுக்கு இந்தப் பரிசோதனை அவசியம் என்றே சொல்வேன்.

பூனையைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாக. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவியும். ஈரல் செயலிழந்து உயிரே போகலாம். டிர்லோடபைட்டைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது என்று எச்சரித்ததும் இதனால்தான். பூனைகளுக்கென்று எக்ஸனடைட்டை, அதாவது எக்ஸென்டின்-4ன் மருந்து வடிவத்தை, மாதக்கணக்கில் மெதுவாக வெளியிடும் தோலடிச் சாதனம் ஒன்றை வெளிநாட்டில் சோதித்து வருகிறார்கள். அது நல்லபடியாக வந்தால் மருத்துவர் கையால் பயன்படுத்துவோம். அதுவரை உங்கள் பூனையின் உணவை மெல்ல மெல்லக் குறைப்பது மட்டுமே வழி. ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.

நாளை நாய்களுக்கும் ஒரு நல்ல மருந்து வரலாம். வந்தால் நானே எழுதித் தருவேன், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. அப்போதும் தராசை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. எலியின் வரிசையை நாய்க்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் நிறைந்த நாய்க்கும் குமட்டும் நாய்க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நிறைந்த நாய் விருப்பத்தோடு வந்து சாப்பிடும், கிண்ணத்தை நக்கும், தண்ணீர் குடிக்கும், கொஞ்சம் சுற்றிவிட்டு உடம்பைத் தளர்த்திப் படுக்கும். கூப்பிட்டால் வாலாட்டும். குமட்டும் நாய் கிண்ணத்துக்கு வந்து விலகும், எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கும், உதட்டை நக்கும், எச்சில் வடிக்கும், புல்லைத் தேடும், தனியே போய்ப் படுக்கும். முன்னங்காலை நீட்டி மார்பைத் தரையில் வைத்துப் பின்புறத்தை உயர்த்தி, விளையாட்டுக்கு அல்லாமல் அப்படியே நின்றால் வயிறு வலிக்கலாம். வேறு காரணத்துக்காகக் கொடுக்கும் மருந்துகளிலும் இதைக் கவனியுங்கள். வீட்டில் தனியே விட்டால் பதறும் நாய்களுக்கு எழுதித் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் பசியைக் குறைக்கும். சிறுநீர் கசிவுக்குக் கொடுக்கும் ஃபினைல்புரொப்பனோலமைன் ஒரு காலத்தில் மனிதர்கள் பசியைக் குறைக்க விழுங்கிய மருந்தேதான்.

கணவரின் பேனா ஊசியை ஃபிரிட்ஜில் பாலு எட்டாத மேல் தட்டில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பயன்படுத்திய ஊசிமுனையைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம். உணவு வாசனையோடு கிடக்கும் எதையும் லாப்ரடார் கடித்துப் பார்க்கும். ஒருவேளை கடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சமுள்ள பேனாவோடு நேரே மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த முறை பாலுவை அழைத்துப் போகும்போது மூன்று பொருட்கள் கையில் இருக்கட்டும்: அரிப்பு மாத்திரையின் அட்டை, மூன்று நாள் அவன் வாயில் யார் யார் என்னென்ன போட்டார்கள் என்ற பட்டியல், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் மொபைலில் எடுத்த வீடியோ. அருகில் வசதி இல்லையென்றால் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். பட்டியலில் பிஸ்கட்டை விட்டுவிடாமல் எழுதுங்கள்.